‘நாற்சக்கரம்’ கடைசி இதழோடு விடைபெறும் சுமித்ரா அம்மையாருக்கு

மலையேறும் மோட்டார் வண்டியின் மூச்சிரைப்பைக் கேட்டே அதன் பிணி சொன்ன பேரறிவே, பிழை திருத்த வந்து பிழையற எழுதி உயர்ந்த பெருமாட்டியே, முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் இதழின் நடுநாயகமாய் நின்று இன்று விடைபெறும் சுமித்ரா அம்மையாரே, வணக்கம்.

நேருக்கு நேர் பாராட்டினால் நீங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். இதழின் இருபதாம் ஆண்டு விழாவில் அப்படித்தான் போனீர்கள். ஆகவே இம்மடலைச் சபையோருக்குச் சொல்வதாக எழுதியிருக்கிறோம். நீங்கள் ஓரமாக அமர்ந்து கேட்டால் போதும்.

சபையோரே, சுமித்ரா அம்மையார் குருவிட்டவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து லொறி ஓட்டியவரின் மகளாகப் பிறந்தவர். இரத்தினபுரியில் ஜுனைதீன் ஹாஜியார் தமிழில் ஒரு மோட்டார் மாத இதழ் தொடங்கியபோது, அச்சுப் பிழை பார்க்கும் வேலைக்கு வந்தார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது.

வந்த ஆறாம் மாதம், மேட்டில் ஏறும்போது மட்டும் தம் வேன் கொதிக்கிறது, காரணம் என்ன என்று கொடகவெல வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பதில் எழுத வேண்டியவர் லீவில் இருந்தார். சுமித்ரா கடிதத்தை எடுத்துக்கொண்டு, வண்டி பழுதுபார்க்கும் முக்தார் நானாவின் கராஜுக்குப் போனார். அரை நாள் அங்கேயே நின்று, கழற்றிப் போட்டதையெல்லாம் பார்த்து, திரும்பி வந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். வேன் சரியாகிவிட்டதென்று கொடகவெலயிலிருந்து மறுகடிதம் வந்தது. அன்றிலிருந்து கேள்வி பதில் பக்கம் அவருடையது. அடியில் ‘சு.கி.’ என்று மட்டும் போடுவார். வாசகர்கள் ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று எழுதினார்கள். அவர் திருத்தப் போகவில்லை.

எழுதியவர்களில் பாதிப்பேருக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. நடுப்பக்கப் படத்தை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் ஒட்டியவர்கள் அவர்கள். வேனில் ஏறினாலே தன் பிள்ளை வாந்தியெடுக்கிறது, கோளாறு வேனிலா பிள்ளையிலா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். சிரித்துவிட்டு ஒதுக்கிவைத்தோம். அம்மையார் அதற்கும் அரைப்பக்கம் ஒதுக்கி, எந்த இருக்கையில் அமர்த்த வேண்டும், எந்தப் பக்கம் பார்க்கவைக்க வேண்டும், புகைக்குழாய் ஒழுகுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் எழுதினார்.

இதுவரை சொன்னது எளிது. இனிச் சொல்வதைச் சொல்லாவிட்டால் இந்த மடலுக்குப் பொருளில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன், இரண்டு மாதத்துக்குள் மூன்று ஊர்களிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றிலும் ஒரே முறைப்பாடு: புதிதாகப் போட்ட பிரேக் லைனிங் ஆறே வாரத்தில் தேய்ந்துவிட்டது. விற்ற வியாபாரி எங்கள் பின்னட்டை விளம்பரதாரர். பதினொரு ஆண்டுகளாக அந்தப் பக்கம் அவருடையது.

அம்மையார் அவர் கடையிலேயே ஒரு சோடி வாங்கி, முக்தார் நானாவின் வேனில் பூட்டச் செய்தார். சுமையேற்றி, தாமும் ஏறிக்கொண்டு, தோட்டத்து இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். நான்காம் முறை இறங்கும்போது பிரேக் மிதி பிடிக்காமல் அடிவரைக்கும் போனது. முக்தார் நானா வேனை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினார். இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் காலை, கையில் கட்டோடு வந்து, அளவுகளும் படங்களுமாக நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அச்சுக்கோப்பு காமிலின் பொறுப்பு. அவர் அந்த நான்கு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு எங்கள் எல்லோருக்குமாகப் பேசினார்.

“அக்கா, பின்னட்டையாலதான் எங்கட எல்லாரட வீட்டுலயும் அடுப்பு எரியுது. ஒரு மாசம் பொறுங்களே. அவங்களோட பேசிப் பார்ப்பம்.”

“ஒரு மாசத்துல எத்தனை வேன் அந்த எறக்கத்துல எறங்கும், காமில்?” என்று அம்மையார் கேட்டார்.

விஷயம் ஹாஜியாரிடம் போயிற்று. அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு முக்தார் நானாவைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் பிள்ளைகளை அந்த வேனில் ஏற்றுவீர்களா என்று ஒன்றே ஒன்று கேட்டார். மறுபக்கத்துப் பதிலைக் கேட்டுவிட்டு, போடுங்கள் என்றார்.

பின்னட்டை போயிற்று. அதைப் பார்த்து வேறு இருவரும் விலகினார்கள். அறுபத்துநான்கு பக்கம் முப்பத்திரண்டாகச் சுருங்கியது. எங்களில் மூவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது.

அம்மையாரை யாரும் ஏசவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். திருத்த வேண்டிய தாள்களை ஒரு வார்த்தையும் இல்லாமல் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தோம். பகல் சாப்பாட்டை அவர் தனியே சாப்பிட்டார். அந்த ஆண்டு ஐப்பசியில் அவருடைய தந்தை காலமானார். ஹாஜியாரும், இதழ்க்கட்டுகளை ஊரூராகக் கொண்டுபோகும் காத்தமுத்து அண்ணனும் மட்டுமே தோட்டத்துக்குப் போனார்கள். எங்களுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டோம். வேலை இருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. அதன்பின் வந்ததைச் சபையோர் அறிவீர்கள். புது வண்டி இறக்குமதி நின்றது. ஓட்டிப் பார்த்து எழுத வண்டியில்லை. தாளும் மையும் கைக்கெட்டாத விலைக்குப் போயின. மாத இதழ் காலாண்டிதழாயிற்று. வாசகர் தம் கேள்வியைக் கைத்தொலைபேசியிலே கேட்டு, பதிலையும் அதிலேயே படமாகப் பார்த்துக்கொண்டார். எங்கள் அலுவலகத்து றிப்தாவின் வற்புறுத்தலால் அம்மையாரும் ஒருமுறை காணொளியில் பேசினார். கிளட்ச் பற்றிப் பதினான்கு நிமிடம். இதை ஒரு நிமிடத்தில் சொல்ல முடியாதா என்று பார்த்தவர்கள் கீழே எழுதிக் கேட்டிருந்தார்கள். முடியாது என்று பணிவாகப் பதில் எழுதிவிட்டு, அதோடு விட்டுவிட்டார்.

எவரையும் பகைக்காமல், பின்னட்டைகளைப் பத்திரமாகக் காத்துக்கொண்ட பெரிய மோட்டார் இதழ்களும் ஒவ்வொன்றாக நின்றன. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த நான்கு பக்கத்தையும் அன்று நாங்கள் தடுத்திருந்தாலும் ‘நாற்சக்கரம்’ பிழைத்திருக்காது. இறக்கத்தில் இறங்கிய வேன்கள்தாம் பிழைத்தன. இவ்வாண்டு இறக்குமதி திறந்து புது வண்டிகள் தெருவுக்கு வந்தபோது, அவற்றைப் பற்றிப் படிக்க எம்பிலிப்பிட்டியவில் ஆளில்லை. காத்தமுத்து அண்ணன் கொண்டுபோன இதழ்க்கட்டை, கட்டிய கயிறும் அவிழ்க்காமல் திரும்பக் கொண்டுவந்தார். அன்று மாலையே ஹாஜியார் எங்களை அழைத்து, இந்த இதழோடு நிறுத்துவோம் என்றார். அம்மையாரின் அறுபது வயதும் அதே மாதத்தில் நிறைகிறது.

சென்ற வாரம், தேநீர் வேளையில் காமில் எழுந்துபோய் அவர் மேசையருகே நின்றார்.

“அக்கா, அந்த பிரேக் விஷயத்துல நாங்க பிழை விட்டுட்டம்.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“நானும் பயந்து பயந்துதான் எழுதினேன், காமில். நீங்க எல்லாரும் பேசாம இருந்த அந்த ரெண்டு வருசமும், பிழை செஞ்சுட்டேனோ, மூணு பேரு சோத்துல மண்ணப் போட்டுட்டேனோன்னு நெனச்சுக்கிட்டேதான் கெடந்தேன். ஒருத்தராச்சும் வந்து ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். பதில் சொல்லியிருப்பேன்.”

ஆயிரமாயிரம் கேள்விகளுக்குப் பதில் எழுதியவரிடம் அந்த இரண்டு ஆண்டிலும் ஒரேயொரு கேள்வி கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. இதைத்தான் சபையறியச் சொல்ல விரும்பினோம்.

அம்மையாரே, இனி உங்களிடமே பேசுகிறோம். அன்பில் குறைந்தவர்கள் நாங்கள். ஆற்றலில் நிறைந்தவர் நீங்கள். உடல் நலமும் உள்ளத்து அமைதியும் உற்றார் துணையும் குன்றாமல் நூறாண்டு வாழ வேண்டும் என்று நெஞ்சார வேண்டுகிறோம். கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலைச் சுவரில் மாட்டுவதும் அலுமாரியில் வைப்பதும் உங்கள் விருப்பம். மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், வருகிற ஐப்பசியில் அப்பாவின் திதிக்கு நாங்கள் எல்லோரும் தோட்டத்துக்கு வருகிறோம். வரலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
‘நாற்சக்கரம்’ அலுவலகத்தில் எஞ்சியிருக்கும் ஐவர்,
இரத்தினபுரி.