வெள்ளகோவில் சவுண்டு

வேலுமணி: ஏ சென்னீ, மேடையேறி மைக்கப் புடிச்சுட்டு இப்புடி முழிச்சா எப்புடி? ஏதாச்சும் பேசு.

சென்னியம்மாள்: என்னத்தப் பேசறதுங்க? பாட்டுக் கேசட்டப் போட்டுப் பாத்தாச்சுல்ல?

வேலுமணி: கேசட்டு வேற, மைக்கு வேற. ஆள் கொரலு வெச்சுத்தான் சரி பண்ணோணும். பேசு.

சென்னியம்மாள்: ஹலோ… ஹலோ… காரமடைத் தேர்நோம்பிக்கு வந்திருக்கிற சனங்களே… என்ற வூட்டுக்காரரு காத்தால இருந்து சோறு திங்கலீங்க…

வேலுமணி: அடியே! ஊரே கேக்குது!

சென்னியம்மாள்: கேக்கட்டுங்க. ஏனுங்க, கீஈஈன்னு விசிலடிக்குதுங்களே… அதை அடக்குங்க மொதல்ல.

வேலுமணி: விசிலா? ஆ… அது… தெரியுது, தெரியுது. இரு, குமிழைத் திருப்பறேன். இப்ப?

சென்னியம்மாள்: இன்னும் எச்சாயிப் போச்சுங்க!

வேலுமணி: இப்ப?

சென்னியம்மாள்: ஐயோ, பல்லுக் கூசுதுங்க!

வேலுமணி: ஸ்பீக்கர் பாக்ஸ் புதுசு. அப்புடித்தான் இருக்கும்… அட, வாங்க ராமுலு தம்பி! ஆர்கெஸ்ட்ராக்காரங்க எல்லாம் வந்தாச்சுங்களா?

ராமுலு: வந்தாச்சுங்ணா. பாடற புள்ள ரெண்டு காதையும் பொத்திட்டு நிக்குது. என்னங்ணா இது, ஊசி எறங்கறாப்பல இருக்குது?

வேலுமணி: இருங்க தம்பி, இன்னும் முடியலை…

ராமுலு: போன மாசம் வெள்ளகோவில்ல நம்ம கச்சேரிக்கு வெச்சீங்களே, அந்த சவுண்டு எங்கீங்ணா? கடைசி வரிசையில ஒக்காந்திருந்தவங்களுக்கும் பக்கத்துல பாடறாப்பல இருந்துச்சே! அதைக் கேட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

வேலுமணி: அதேதான் வரும்… வந்துரும்…

ராமுலு: வந்துருச்சுன்னா இனிமேப்பட்டு எங்க கச்சேரி எல்லாத்துக்கும் நீங்கதானுங்ணா. இல்லாட்டி, கோயமுத்தூர்க்காரரு ஒருத்தரு ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்காரு… சரி, தபேலாக்காரரைப் பாத்துட்டு வாரேன்.

வேலுமணி: சென்னீ… மைக்க ஆஃப் பண்ணிப்போட்டு எறங்கி வா.

சென்னியம்மாள்: ஏனுங்க, மொகமெல்லாம் இப்புடி வேர்த்துக் கெடக்குது?

வேலுமணி: உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். சிரிக்கப்படாது.

சென்னியம்மாள்: மாட்டனுங்க.

வேலுமணி: அந்த விசிலு… எனக்குக் கேக்கறதில்ல புள்ள.

சென்னியம்மாள்: அப்புடீங்களா?

வேலுமணி: சோமனூர்ல அத்தனை வருசம் தறி ஓட்டுனனே… அந்தச் சத்தத்துல காது போயிருச்சு. பேச்சுக் கேக்குது, பாட்டுக் கேக்குது. ஆனா இந்தக் கீச்சுச் சத்தம் இருக்குது பாரு, குருவி கத்தறாப்பல… அது மட்டும் சுத்தமாக் கேக்கறதில்ல. சரி, நீ எதுக்குத் தலையக் குனியற? சிரிக்கறயா?

சென்னியம்மாள்: இல்லீங்க… இல்லீங்க. சொல்லுங்க.

வேலுமணி: சிரிக்கத்தான் செய்யற! சவுண்டு சர்வீஸ்காரனுக்குக் காது மந்தம்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். அதான் உங்கிட்டக்கூடச் சொல்லலை. வெள்ளகோவில்ல எப்புடி அமைஞ்சுதுன்னு சத்தியமா எனக்கே தெரியாது. ராமுலுகிட்டச் சொல்லிப்போடறேன், அந்தக் கோயமுத்தூர்க்காரரையே…

சென்னியம்மாள்: கம்முனு இருங்க. அக்கட்ட நவுருங்க. நீங்க மேடைக்குப் போயிப் பேசுங்க.

வேலுமணி: ஏய், ஈக்வலைசர்ல கைய வெக்காத! அதுல எத்தனை குமிழு இருக்குது பாத்தியா?

சென்னியம்மாள்: பேசுங்கன்னா!

வேலுமணி: ஹலோ… ஹலோ… பெரியோர்களே, என்ற பொண்டாட்டி மிசினுக்குள்ள பூந்துட்டாளுங்க…

சென்னியம்மாள்: அந்தப் பாக்ஸ் மைக்கப் பாத்தாப்பல நிக்குதுங்க. கொஞ்சம் சனங்க பக்கம் திருப்புங்க. ஆ… விசிலு செத்துச்சு. பேசுங்க, நிறுத்தாதீங்க. இந்தக் கடைசிக் குமிழை எறக்கறேன்… நடுவுல துளி ஏத்தறேன்… கொரலு இப்பத்தான் தகரத்துல இருந்து வெளிய வருது.

வேலுமணி: எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை புள்ள!

சென்னியம்மாள்: எனக்குத் தெரியுதுங்க.

ராமுலு: அண்ணா! அண்ணா! இதேதானுங்ணா! வெள்ளகோவில் சவுண்டு! பாடற புள்ள இப்பவே பாடறேன்னு குதிக்குது. என்னங்ணா பண்ணுனீங்க?

வேலுமணி: நா ஒண்ணும் பண்ணலீங்க தம்பி. எனக்குக் கீச்சுச் சத்தம் காதுல ஏறாது. பண்ணுனது பூராவும் இவதான்.

ராமுலு: அக்காவா?

வேலுமணி: ஆமாங்க. உங்களுக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போடுங்க.

ராமுலு: வேண்டாமா? அக்காவக் கூட்டிட்டு வராம எங்க கச்சேரிப் பக்கம் தலை காட்டிராதீங்கோ, ஆமா! புள்ளைங்களா, ஏறுங்க மேடைக்கு!

வேலுமணி: சென்னீ… நெசமாச் சொல்லு. இதெல்லாம் எப்பப் பழகுன?

சென்னியம்மாள்: வூட்ல குக்கரு விசிலடிச்சு விசிலடிச்சு அடி புடிக்குது, நீங்க அடுப்புக்குப் பக்கத்துல ஒக்காந்து கம்முனு பேப்பர் படிச்சீங்க பாருங்க… அன்னைக்கே கண்டுக்கிட்டேன். அதுக்கப்பறம் நீங்க பாக்ஸ் பாக்க அந்தப் பக்கம் போறப்பெல்லாம் நாந்தானுங்க திருத்தி வெப்பேன், வெள்ளகோவில்லயும். இன்னைக்கு என்னைய மேடையில ஏத்தி வுட்டுட்டீங்க, எறங்கி வர வழியில்லாமத்தான் அந்தக் கத்துக் கத்துனேன்!