ஆதியில் வெடித்த வெடி

அறுபதுகளின் கடைசியில், விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கல்யாணத் தரகர் ஒருவரும் பெண்ணைப் பெற்றவர் ஒருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மாப்பிள்ளைக்கு அமெரிக்காவுல ஆராய்ச்சி. ஆதியில பெரிய வெடி ஒண்ணு வெடிச்சுத்தான் எல்லாமே உண்டாச்சாம். அந்தச் சூடு வானம் பூரா இன்னும் லேசா மிச்சம் இருக்காம். அதைத்தான் அளந்துக்கிட்டு இருக்காப்ல."

"வெடி சோலியா? வேண்டாங்க. பட்டாசு ஆபீஸ்ல வெடிச்சுத்தான் மூத்தவ புருசன் போனாரு."

"அது வேற, இது வேறங்க."

"ஆள் சேதம் எம்புட்டு?"

"அப்ப ஏதுங்க ஆளு? அதுக்கு ரொம்பக் காலம் பொறகுதான மனுசனே வந்தான்."

திருத்தங்கல் தாண்டும்வரை பெண்ணைப் பெற்றவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார்.

"சாதகத்தைக் குடுத்துட்டுப் போங்க."