ஹேவர்பியில் ஹேவர்பி இல்லை

— போதும் எழுந்திருங்க, மிஸ்டர் ஹேவர்பி. ஈர மண்ணுல முட்டி போட்டுப் போட்டு உங்க பேன்ட்டைப் பாருங்க! நான்தான் முதல்லயே சொன்னேனே, இந்தக் கல்லறைத் தோட்டத்துல உங்க பேர்ல ஒரு கல்லுகூடக் கிடையாது. முப்பது வருஷமா சர்ச் சாவி என் கையில. ஒவ்வொரு கல்லுலயும் பாசி சுரண்டறவளும் நான்தான்.

— அது எப்படி மிஸஸ் ஸ்டாட்? ஊர் பேரு ஹேவர்பி. நான் லெனர்ட் ஹேவர்பி. ஊர்ல ஒரு ஹேவர்பிகூடவா செத்திருக்க மாட்டான்?

— ஊருக்குள்ள எப்படிய்யா இருப்பான்? இங்கே நின்னு 'ஏ ஹேவர்பிக்காரா'ன்னு கூப்பிட்டா ஊரே திரும்பிப் பார்க்குமே! ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஊர் பேரு ஒட்டும். போன இடத்துல நாலு பேர் 'ஹேவர்பியிலேர்ந்து வந்தானே, அவன்'னு சொல்லுவாங்க. பேரன் காலத்துல அதுவே குடும்பப் பேராயிடும். எங்கப்பா பேரு வேக்ஃபீல்டு. ஏன்? அவரோட பாட்டனுக்குப் பாட்டன் எவனோ வேக்ஃபீல்டுலேர்ந்து பொழைக்க வந்தவன்.

— அப்போ எங்க ஆளு ஒருத்தன் இங்கேர்ந்து போயிருக்கான்.

— போயிருப்பான். அறுநூறு வருஷம் ஆயிருக்கும். அவனைத் தேடி இப்போ பஸ் ஏறி வந்தா?

— அர்த்தம்கூடப் பார்த்து வெச்சிருக்கேன் பாருங்க. நான் இருக்கற ஹல் டவுன் லைப்ரரியில ஒரு தடி புத்தகம். 'ஹேவர்'னா ஓட்ஸாம். 'பி'ன்னா குடியிருப்பாம். கடல் தாண்டி வந்த டேனிஷ்காரங்க வெச்ச பேரு. படிச்ச அன்னைக்குச் சாயங்காலம் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் குடிச்சேன். சொந்த ஊர்ச் சாப்பாடுன்னு ஒரு நெனப்பு.

— அட கடவுளே! வீட்ல சிரிக்கலையா?

— வீட்ல யாரு இருக்கா சிரிக்க? கல்யாணம் ஆகலை. முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சிக்னல் கேபின்ல ஒத்தையா உட்கார்ந்திருந்தேன். வருஷா வருஷம் புது டெலிஃபோன் டைரக்டரி வந்ததும் என் பேரைத்தான் முதல்ல தேடுவேன். ஒரே ஒரு ஹேவர்பி. நான்தான். ஒரு தடவை லெஸ்டர் டைரக்டரியில இன்னொண்ணு இருந்துச்சு பாருங்க. அடுத்த ரயிலைப் பிடிச்சு ஓடினேன்.

— யாரு, சொந்தமா?

— நாய்ப் பண்ணை. பேரு நல்லாருக்கேன்னு மேப்ல பார்த்து வெச்சாங்களாம். வெறுங்கையோட திரும்ப மனசில்லை, ஒரு குட்டியை வாங்கிட்டு வந்தேன். பதிமூணு வருஷம் கூட இருந்துச்சு.

— பாவம்யா நீங்க. ஆனா சட்டம் என்ன, அதைச் சொல்றேன். இங்கே இடம் கொஞ்சம். வெளியூர் ஆளுக்குக் குழி கிடையாது. ஒண்ணு, ஊர்ல குடியிருக்கணும். இல்லேன்னா ரத்த உறவு யாராவது இங்கே படுத்திருக்கணும். பாதிரியாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவார்.

— அதுக்குத்தானே கல்லு கல்லா படிச்சேன். கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். சாகப் பயமில்லைம்மா. பக்கத்துல சொந்தக்காரன் ஒருத்தன் இருந்தா தேவலைன்னு தோணுது, அவ்வளவுதான்.

— அப்பா அம்மாவை எங்கே அடக்கம் பண்ணினாங்க? அங்கே கேட்கலாமே?

— யாரு கண்டா? ஹல்ல ஒரு அநாதை இல்லத்துல வளர்ந்தவன் நான். ரெண்டு பேரும் காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. எனக்குன்னு மிஞ்சினது இந்தப் பேரு ஒண்ணுதான்.

— என்ன வயசு உங்களுக்கு?

— அக்டோபர் வந்தா அறுபத்தாறு. பொறந்த நாள் தெரியாது. இல்லத்துல சேர்த்த நாளைத்தான் எழுதி வெச்சிருக்காங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணாம் வருஷம்... ஏம்மா, என்ன ஆச்சு? உட்காருங்க.

— ஒண்ணுமில்லை. குனிஞ்சு நிமிர்ந்ததுல தலை சுத்துது. எழுபத்தொன்பது வயசு. நீங்க கிளம்புங்க, நாலரை பஸ்ஸை விட்டா அப்புறம் வண்டி கிடையாது.

— கிளம்பறேன். உங்களைச் சங்கடப்படுத்திட்டேன், மன்னிச்சுக்கோங்க. முனிசிபாலிட்டியில எரிச்சு, சாம்பலை எங்கேயாவது தூவிடுவாங்க. ஏன் அங்கே தூவினீங்கன்னு கேட்க ஒரு ஆள் வேணுமில்ல? அதுவும் கிடையாது. வரேம்மா.

— நில்லுங்க! ...ஊரை விட்டு யாரும் போகலை. அறுநூறு வருஷக் கதை உங்களுக்குப் பொருந்தாது.

— என்ன சொல்றீங்க?

— ஊர் பேரு இன்னொரு விதமாவும் ஒட்டும். சர்ச் வாசல்ல குழந்தை கிடந்தா, அப்பன் யாருன்னு தெரியலைன்னா, ஊர் பேரையே வெச்சுப் பதிவு பண்ணி இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. அந்தக் காலத்து வழக்கம்.

— அப்போ... எனக்கு ஆளுங்களே கிடையாதா? பேருகூட என்னோடது இல்லையா?

— முப்பத்தொண்ணாம் வருஷம், அக்டோபர் மாசம். விடிகாலையில போய் எடுத்தது எங்கப்பாதான். அப்போ சர்ச் பொறுப்பு அவர்கிட்ட இருந்துச்சு. எவ்வளவு நல்ல மனுஷன்னு ஊரே மெச்சுச்சு. எனக்குப் பதிமூணு வயசு, வாயைத் திறந்தா தோலை உரிச்சிடுவேன்னு சொன்னார். இன்னி வரைக்கும் திறக்கலை.

— எதுக்கு உங்களை மிரட்டணும்? யாரு கொண்டு வந்து போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். போட்டதும் அவர்தான், எடுத்ததும் அவர்தான். மாடியில பூட்டின அறைக்குள்ள எங்கக்கா ஐரிஸ் கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்கு. பத்தொன்பது வயசு அவளுக்கு. அந்தக் குளிர்காலத்தைத் தாண்டலை.

— ஐரிஸ் வேக்ஃபீல்டு... அந்த வடக்குச் சுவரோரம்... இப்பதான் அந்தக் கல்லைப் படிச்சேன். யாரோ எவரோன்னு தாண்டி வந்துட்டேனே.

— அழாதே லெனர்ட். அவ பக்கத்துல ஒரு இடம் எனக்குன்னு பிடிச்சு வெச்சிருக்கேன், நீ உங்கம்மாகிட்ட படுத்துக்கோ, சித்தி வேற எங்கேயாவது படுத்துக்கறேன்.