எலும்பில் நிற்கும் வெளிச்சம்

பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சிரிக்கலாமா?" வேண்டாம் என்பேன். உடனே இழவு வீட்டுக்கு வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த முகங்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் வழியும் நெற்றி, காதோரம் காய்ந்த சோப்பு நுரை, மூக்கிலிருந்து எட்டிப் பார்க்கும் மயிர். ஒரு முகத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தொழில் என்று பொறுத்துக்கொண்டேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதை என் மச்சானிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் மனைவியின் அண்ணன். ஓவியக் கல்லூரியில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார். நகக்கண்ணில் எப்போதும் நீலமோ பச்சையோ அப்பியிருக்கும். அந்த விரலாலேயே பாத்திரத்திலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். எனக்குக் குமட்டும்.

ஒரு தடவை, மழையில் நனைந்து நின்ற சைக்கிள் ஒன்றை எடுத்த படத்தை அவரிடம் காட்டினேன்.

"நல்லா இருக்கு மாப்ள. ஆனா இது கலை இல்ல."

"ஏன்?"

"நீங்களே படம் எடுத்தேன்னுதானே சொல்றீங்க? இருக்கறத எடுத்துட்டு வர்றது எப்படிக் கலையாகும்? பிக்பாக்கெட்காரனும்தான் எடுக்கறான். நான் வெறும் துணியில ஒரு முகத்த உண்டாக்கறேன். உங்க படம் சாட்சி, அவ்வளவுதான். கோர்ட்டுக்கு ஆகும், சுவத்துக்கு ஆகாது."

என் மனைவி சிரித்தாள். அண்ணன் என்ன சொன்னாலும் சிரிப்பாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்க, அண்ணனுக்கு வாய் நீளம்" என்றாள்.

நான் கோபப்படவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கன்னத்தைக் குழிக்க நினைத்தால் ஓவியர் குழித்துவிடுகிறார். கண்ணைப் பெரிதாக்க நினைத்தால் பெரிதாக்கிவிடுகிறார். நானோ எதிரே வந்து உட்காருவதை எடுக்க வேண்டும். கணினியில் திருத்தலாம்தான், ஆனால் தோல் பொம்மைபோல் ஆகிவிடும், பார்த்தவுடன் பொய் தெரியும். ஆகவே, உண்டாக்குவதென்றால் முகத்திலேயே உண்டாக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

என் மனைவிக்குத் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய். கல்யாணமான புதிதில் கண்டுபிடித்தார்கள். அப்போது மெலிந்து, கண் பெரிதாகி, தாடை எலும்பு தெரிய இருந்தாள். அழகு என்று சொல்லமாட்டேன். ஆனால் வெளிச்சம் அந்த முகத்தில் நின்றது. தினமும் காலையில் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். தேறினாள். முகம் பன் மாதிரி உப்பிவிட்டது. சதையில் வெளிச்சம் வழுக்கிவிடும். எலும்பில்தான் நிற்கும்.

அவள் மறதிக்காரி. அதனால் டம்ளர் தண்ணீரையும் மாத்திரையையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை கிடைத்தது. அது யாருக்கும் கெடுதல் செய்யாது. நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

இரண்டாம் மாதம் கை நடுங்கத் தொடங்கியது. நான்காம் மாதம் கன்னம் ஒட்டியது. ஆறாம் மாதத்தில் நான் எதிர்பார்த்ததைவிடக் கண்கள் நன்றாக வந்தன. தினமும் காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் உட்காரவைத்து எடுப்பேன். வியர்வையில் துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, கழிவறையை நான்தான் கழுவினேன். அந்த வாடை கேமராவின் தோல் வாரில்கூட ஏறிவிட்டது. அருவருப்புதான். ஆனால் ஒரு நாளும் அவள் எதிரில் முகம் சுளித்ததில்லை.

"என்னங்க, மாத்திரை கேக்கவே மாட்டேங்குதே. டாக்டர்கிட்ட போலாமா?"

"நான் போய்ப் பேசிட்டுதான் வந்தேன். கொஞ்ச நாள் ஆகும்னு சொன்னாரு."

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

"அசையாம இரு. நிழல் மாறுது."

இருந்தாள். அவளைப்போல் பொறுமையாக உட்காருகிறவர்கள் கிடைப்பது கஷ்டம்.

மச்சான் அந்த வருடம் வெளியூர்க் கல்லூரிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். போனில் விசாரிப்பார். டாக்டர் பார்த்துக்கொள்கிறார் என்று அவளே சொல்வாள். என்னை நம்பித்தான் சொன்னாள்.

பதினோராம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த நாற்காலியிலேயே அவள் இதயம் நின்றது. வெளிச்சம் இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அது போனபிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நோய் முற்றிவிட்டது என்று எழுதிக்கொடுத்தார்கள்.

நாற்பது படங்களைத் தேர்ந்தெடுத்தேன். மச்சான்தான் கலைக்கூடத்தில் இடம் வாங்கிக்கொடுத்தார். வந்தவர்கள் கண்ணாடிமேல் மூச்சு விட்டார்கள். பிஸ்கட் தூள் ஒட்டிய வாயோடு "அற்புதம்" என்றார்கள். ஒருவர் என் மனைவியின் கண்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார். நான் கைக்குட்டையால் துடைத்தேன். கடைசிப் படம்வரை பார்த்துவிட்டு வந்த மச்சான் என் தோளில் சாய்ந்து குலுங்கினார்.

"நான் சொன்னது தப்பு மாப்ள. இது கலைதான். என் தங்கச்சிய நீங்க உண்டாக்கியிருக்கீங்க."

அவர் மூக்குச்சளி சட்டையில் ஊறியது. அன்றே அந்தச் சட்டையைக் குப்பையில் போட்டேன்.

முப்பத்தோராவது படத்தில் அவள் உள்ளங்கையில் மாத்திரை இருக்கும். மாதாமாதம் அவளுக்கு மருந்து எடுத்துக்கொடுத்த மருந்துக்கடை அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "இதுல நடுக்கோடு இல்லையே சார்?" என்று மச்சானிடம் கேட்டார். நிஜ மாத்திரையின் நடுவே ஒரு கோடு உண்டு. என்னுடையது நல்ல லென்ஸ்; இல்லாத கோடுகூடத் தெளிவாகத் தெரிந்தது. மச்சான் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி உங்களிடம் கொண்டுவந்தார். காலையில் கலை என்றவர் மாலையில் சாட்சி என்கிறார். ஒரு வாத்தியாருக்கு இவ்வளவு சீக்கிரம் கருத்து மாறக்கூடாது.

ஆம், மாத்திரையை மாற்றியது நான்தான். பதினோரு மாதமும், தினமும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். போதுமான படங்கள் சேர்ந்ததும் அவளைப் பழையபடி தேற்றிவிடுவதாகத்தான் இருந்தேன். சமையலறை மேல்தட்டில் ஒரு தகர டப்பா இருக்கிறது, போய்த் திறந்து பாருங்கள். அவளுடைய நிஜ மாத்திரைகள் அத்தனையும் அட்டை பிரிக்காமல் இருக்கும். ஒரு மாதம்கூடத் தவறாமல் வாங்கி வைத்தேன். பெண்டாட்டிமேல் அக்கறை இல்லாதவன் அதைச் செய்வானா?