எர்வின் எழுதாமல் விட்ட மூன்று பேர்

ஓடுகிறோம். மூன்று பேர். முன்னால் ஒக்ஸானா. நடுவில் நிஷா. கடைசியில் நான். ரயில் நிலையத்துக்கு இன்னும் நாலு தெரு. போர் தொடங்கிய ஏழாம் நாள். புதன்கிழமை. காலை பதினொன்று இருபது. பனியில் கால் வழுக்குகிறது.

முதல் குண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டின மாதிரி. இரண்டாவது, கிட்டத்தில். அதற்கு முன்னால் ஒரு சத்தம். புதுத் துணியை நீளவாக்கில் கிழிக்கிற சத்தம்.

"ஏட்டி, படு! படுத்துக்கோ!" கத்தினேன்.

நான் படுத்துவிட்டேன். நிஷா படுக்கவில்லை. ஒக்ஸானாவை இழுக்கக் கையை நீட்டினாள். வலது கை.

மூன்றாவது சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

என் பெயர் முத்துமாரி. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா போலீஸ் ஏட்டு. நிஷா ராஜபாளையம். அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பேண்டேஜ் துணி வியாபாரம். சத்திரப்பட்டித் தறியில் நெய்து வருவதை வெட்டி, சுற்றி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார். நாங்கள் இருவரும் உக்ரைனில் மருத்துவம் படித்தோம். நாலாம் வருஷம். நகரத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு கார் இருந்தது. அதில் எங்களுக்கு இடமும் இருந்தது. பின் ஏன் நடந்து போனோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாடியில் நாங்கள். கீழே எர்வின். ஜெர்மானியர். வயது அறுபத்தொன்பது. வரலாற்று ஆய்வாளர். ராஜாக்களைப் பற்றி எழுதுகிறவர் இல்லை. அவர் எழுதியது ஒரே ஒரு வட்டாரத்தைப் பற்றி. அவர் பிறந்த வட்டாரம். நம் விருதுநகர் மாவட்டத்தில் பாதிகூட இருக்காது. நாற்பது வருஷம் அதற்கே கொடுத்தார். சர்ச் பதிவேடு, கல்லறைக் கல், பள்ளிக்கூட வருகைப் பதிவு. இரண்டாம் உலகப் போரின்போது அவர் ஊரிலிருந்து சில யூதக் குடும்பங்களை நாஜிகள் பிடித்துப் போனார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்கள் யார்? கதவிலக்கத்தோடு எழுதினார். ஊர்க்காரர்கள் அவர் ஜன்னலை உடைத்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் ரொட்டி தர மறுத்தார். இதையெல்லாம் சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி, குரல் உயர்த்தாமல் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இம்புட்டுத் தைரியமான மனுசன நான் பாத்ததே இல்லட்டி" என்றாள் நிஷா.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த வட்டாரத்துக் குடும்பங்கள் சில, கரிசல் மண் தேடி உக்ரைனுக்கு வந்திருக்கின்றன. அவர்களைத் தேடி இவர் வந்தார். மூன்று குளிர்காலம். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பெயர் பெயராக நகல் எடுத்தார். பதினொரு பெட்டி சேர்ந்தது. அவருக்குச் சமைத்துப் போட்டவள் ஒக்ஸானா. ஐம்பத்தொரு வயது. எங்களுக்கும் சேர்த்தே ஒரு பாத்திரம் வைப்பாள்.

எங்களிடம் அவர் தமிழ் படித்தார். எம்புட்டு. பொறவு. செத்த நேரம். ஊரிலிருந்து பால்கோவா வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார்.

முதல் நாள் குண்டு விழுந்ததும் நிலவறைக்கு இறங்கினோம். முதலில் பெட்டிகளை இறக்கினோம். பிறகு தண்ணீர். பிறகு நாங்கள். அவர் ஒரு நோட்டில் ஒவ்வொரு சத்தத்தையும் எழுதினார். நேரம், திசை. "நாளைக்கு யாராவது கேட்பார்கள்" என்றார். நேரம் குறிக்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

ஆறாம் நாள் மாலை. தன் காரில் பெட்ரோல் இருக்கிறது, நாலு பேர் போகலாம், காலையில் கிளம்புவோம் என்றார். பெட்டிகள்? ஒக்ஸானாதான் கேட்டாள். "காகிதம் இருக்கட்டும். ஆட்கள் போவோம்." அவள் அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

ஏழாம் நாள். காலை ஏழு பத்து. பெட்டிகளை மேலே கொண்டுவாருங்கள் என்றார். ஊரின் கிழக்கு எல்லையில் ஒரு சர்ச். அங்கே பாதிரியாரிடம் விட்டுவிட்டு அரை மணி நேரத்தில் திரும்புவதாகச் சொன்னார். தூக்கினோம். நிஷா மூன்று. நான் நாலு. ஒக்ஸானா நாலு. கடைசிப் பெட்டி நுழையவில்லை. பின் சீட்டை மடக்கினார். மடக்கும்போது அந்தப் பக்கம் பிடித்துக்கொடுத்தது நான்தான். எனக்கு உறைக்கவில்லை.

கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"செத்த நேரம். வாரேன்."

எங்கள் பேச்சில். நாங்கள் சொல்லிக்கொடுத்த பேச்சில்.

ஏழே முக்கால். எட்டரை. ஒன்பது. போன் அணைந்திருக்கிறது. அவரைச் சுட்டிருப்பார்களோ என்று ஒக்ஸானா அழுகிறாள். அவருக்காகச் சிலுவை போட்டுக்கொள்கிறாள். பத்து மணிக்கு நிஷா வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பனியில் டயர்த் தடம். கிழக்கே திரும்பவில்லை. மேற்கே, நெடுஞ்சாலைப் பக்கம் போயிருந்தது.

"அவிய வரமாட்டாவ" என்றாள். அப்போதும் மரியாதையாகத்தான் சொன்னாள்.

பத்து ஐம்பதுக்கு நடக்கத் தொடங்கினோம். எங்களைத் தனியாக விட மனமில்லாமல்தான் ஒக்ஸானாவும் வந்தாள். நிஷாவின் பையில் அவள் அத்தா கொடுத்தனுப்பிய பேண்டேஜ் இரண்டு சுருள் இருந்தது. குண்டு விழுந்த பிறகு இரண்டையும் அவள் கையிலேயே சுற்றினேன். போதவில்லை. என் துப்பட்டாவையும் கட்டினேன். ஒக்ஸானாவுக்குக் கட்ட எதுவும் தேவைப்படவில்லை. கண்ணை மூடிவிட்டேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அவள் கோட்டுப் பையில் அடையாள அட்டை இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியும் நிலவறையில்தான். நிஷாவின் கையை முழங்கைக்குக் கீழே எடுத்தார்கள். அதிலிருந்து மூன்றாம் நாள் ரயில். நின்றபடியே எல்லை வரை. பிறகு டில்லி. மதுரை. பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது அப்பா இடப்பக்கம் நின்று கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஜெர்மனியில் வேலைக்குப் போன வகுப்புத் தோழி ஒரு படம் அனுப்பினாள். எர்வினின் புதிய புத்தகம். முன்னுரைப் பக்கம். மொழிபெயர்த்தும் அனுப்பியிருந்தாள். அவர் வீட்டில் இருந்த இரண்டு இந்திய மாணவிகளையும் சமையல்காரப் பெண்ணையும் பத்திரமாக அனுப்பிவைத்த பிறகே நகரத்தை விட்டுக் கிளம்பினாராம்.

மூன்று தடவை படித்தேன். நிஷாவின் படம் ஒன்றை இணைத்து அவருக்கு எழுதினேன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. வருகிறேன் என்று.

வந்தார். ராஜபாளையம், நிஷா வீடு. பிற்பகல் மூன்று மணி. இளைத்திருந்தார். நிஷாவின் அத்தா நாற்காலி போட்டு, டீ கொண்டுவந்தார்.

"யாரும்மா இவிய?"

"எங்க வீட்டுக்குக் கீழ இருந்தவிய அத்தா. கார் வச்சிருந்தாகளே."

டம்ளர் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு மேசையில் வைத்தார். "ஆறதுக்குள்ள குடிக்கச் சொல்லு" என்றார். வெளியே போய்விட்டார்.

எர்வின் அழுதார். நெடுஞ்சாலை ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும் என்று ஒரு சிப்பாய் சொன்னானாம். அடுத்த வாரம் காப்பகம் எரிந்துபோனதாம். அந்தப் பெட்டிகளில் இருப்பதுதான் இப்போது உலகத்தில் ஒரே நகல். எடுத்து வராவிட்டால் அந்தப் பெயர்கள் எல்லாம் அன்றோடு போயிருக்கும்.

நிஷா முழுக்கக் கேட்டாள். பிறகு தமிழிலேயே கேட்டாள்.

"ஒக்ஸானாவோட முழுப் பேரு என்ன?"

அவருக்குப் புரிந்தது. "ஒக்ஸானா..." என்றார். நிறுத்தினார். மூன்று குளிர்காலம் அவள் சூப்பைக் குடித்தவர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்த குழந்தையின் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

"அம்புட்டுப் பேரு எழுதி வச்சிருக்கீய. எங்களுக்குச் சோறு போட்டவ பேரு இல்லையே" என்றாள் நிஷா.

அடுத்த பதிப்பில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்றார். நோட்டை எடுத்தார். நிஷா சொன்னாள். இரண்டு மணி நேரம். எந்தத் தெரு, எத்தனை மணி, யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள். சொல்லும்போது இல்லாத கையால் திசை காட்டினாள். அடையாள அட்டையை நான் எடுத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதிக்கொண்டார். நாங்கள் நம்பினோம். இரண்டாம் தடவையும் நம்பினோம். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த பதிப்பு வந்துவிட்டது. தோழி அதே பக்கத்தை அனுப்பினாள். அந்த வரி இல்லை. அதன் இடத்தில் வேறு வரியும் இல்லை. மிகுந்த இன்னல்களுக்கு நடுவே ஆவணங்களைக் காப்பாற்றிக் கிளம்பினார் என்று மட்டும் இருக்கிறது. முன்பு பொய்யிலாவது நாங்கள் இருந்தோம். கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். இல்லை.

நிஷா போனைக் கீழே வைத்தாள். "அழிச்சிட்டாவ" என்றாள். செத்த நேரம் கழித்து அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். பொறவு சொன்னாள்: "நீ எழுதுட்டி. நேரத்தோட எழுது. அவ பேர மொதல்ல எழுது."

எழுதுகிறேன்.

ஒக்ஸானா பெத்ரிவ்னா கொவாலென்கோ. ஐம்பத்தொரு வயது. சமையல் வேலை. ரயில் நிலையத்துக்கு நாலு தெரு முன்னால், தபால் பெட்டியை ஒட்டி, முகம் மேலே பார்த்தபடி. இறந்தாள். எங்கே புதைத்தார்கள் என்று தெரியவில்லை.

ரஹ்மத் நிஷா. இருபத்திரண்டு வயதில் வலது கை, முழங்கைக்குக் கீழே. அறுவை சிகிச்சை நிபுணர் ஆக வேண்டும் என்றுதான் படிக்கப் போனாள்.

முத்துமாரி. இடது காது.

எர்வின் உயிரோடு இருக்கிறார். நலமாக இருக்கிறார் என்று தோழி சொல்கிறாள். அவரையும் இந்த இழப்புக் கணக்கில்தான் எழுதுகிறேன்.