பெட்டியில் பூட்டிய செடி என்னுடையது

பெயர் நேசராணி. காலஞ்சென்ற அந்தோனிப்பிள்ளையின் மனைவி. வயது நாற்பத்து மூன்று. கத்தோலிக்க சமயத்தவள். தொழில் தையல். வசிப்பிடம் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் மேல்மலை லய வரிசையின் கடைசி அறை. எழுத்தும் வாசிப்பும் எவரிடமும் பயிலாமல் நானே கற்றவை என்பதையும் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்பொலிஸ் நிலையத்துப் பெட்டியில் பூட்டியுள்ள செடி கட்டிய மரத்துண்டு என்னுடையது என நிறுவவே இதனைச் சொல்கிறேன்.

துரைமார் ஓர்க்கிட் என்றழைக்கும் சிறு பூச்செடிகளை என் அறையின் இறவாரத்தில் பல்லாண்டுகளாக வளர்த்து வந்தேன். அவை மண்ணில் வளர்வன அல்ல. கொய்யா மரத்துண்டில் வேரைக் கட்டி, தென்னந்தும்பால் மூடி, தொங்கவிட்டு மழைநீர் தெளிப்பேன். பூ மூக்குத்தியளவே இருக்கும். ஆயினும் வெயில் ஏறும்வரை அதன் மணம் லயமெங்கும் நிற்கும்.

சென்ற ஆண்டு மாரியில் என் ஒரே மகள் றோசாலி காய்ச்சலில் கிடந்தபோது, தோட்டத்து டாக்டர் ஐயா சொன்னபடி அவளது கூந்தலை நானே கத்தரித்தேன். கத்தரித்த தலையுடனேயே அவளை அடக்கம் செய்தோம். அதன் பின்னர், அவள் பேணிய செடியின் கயிறு பனிமூட்டத்தில் இற்று அறுந்தமையால், அக்கூந்தலைத் திரித்து வேரைக் கட்டினேன். மயிர் எளிதில் இற்றுப்போவதில்லை. காரணம் அதுவே, மந்திரம் எதுவும் அறியேன்.

அதன் பின்னர், இவ்வருடம் சித்திரையில், அடுத்த அறைக் கந்தப்பனின் மனைவி ரெங்கம்மா மசக்கையால் துன்புற்றாள். பூமணத்தில் குமட்டல் தணிகிறதென்று என் வாசலில் வந்து உட்காருவாள். “மண்ணு வேணாம், சோறு வேணாம், காத்தக் குடிச்சே பூக்குது. இந்த மாதிரி ஆளுதாங்க்கா தொரைக்குப் பெரட்டுல வேணும்” என்று, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைச் சொல்லிச் சிரிப்பாள். அச்சமயம் பூத்திருந்தது றோசாலியின் செடி ஒன்றே. அதனை அவளுடைய வாசலில் இரவலாக மாட்டினேன். தும்பு மூடியிருந்ததால் கூந்தல் அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

அதன் பின்னர் ஆவணியில் ஒரு காலை, பெரட்டுக்குப் புறப்பட்ட ரெங்கம்மா என்னிடம் திரும்பி வந்தாள். “பூவே இல்லக்கா, வாசம் வருது. ஒங்க றோசாலி எங்க வாசல்ல நிக்குது” என்றாள். நான் பேய்க்கதைகளை நம்புபவள் அல்லள். ஆயினும், “தலையில மயிரு இருந்துச்சா?” என்று கேட்டேன். “இடுப்புக்குக் கீழ தொங்குச்சுக்கா. அதத்தானே மொதல்ல பாத்தேன்” என்றாள். நான் தையலைத் தொடர்ந்தேன். அன்று தைத்த சட்டைக் கைகளை மறுநாள் பிரிக்க நேர்ந்தது. அதன் பின்னர் காலைதோறும் அவர்களுடைய வாசலைப் பார்த்து நின்றேன். எனக்கு எதுவும் தென்படவில்லை, மணமும் வரவில்லை.

அதன் பின்னர் ஐப்பசியில் ரெங்கம்மாவுக்குப் பிறந்த ஆண் குழந்தை பாலுண்ணாமல் இறந்தது. அடக்கம் முடித்து வந்த கந்தப்பன் வாசலிலிருந்த செடியைப் பிய்த்தபோது மயிர்க்கட்டைக் கண்டான். “படிச்ச பொம்பளன்னு கும்புட்டுக்கிட்டு இருந்தோம். செத்த புள்ள மயிர எங்க வாசல்ல கட்டி எம் புள்ளயக் காவு வாங்கிட்டீங்களே” என்றான். அதன் பின்னர் என் இறவாரத்துச் செடிகள் அனைத்தையும் அறுத்துப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். மயிர் கட்டிய துண்டை மட்டும் எரிக்க அஞ்சி, சூனியத்துக்குச் சான்றென்று சாக்கில் சுற்றி இங்கே ஒப்படைத்தான்.

நான் வழக்குத் தொடர்ந்தால் அத்துண்டு தீர்ப்புவரை பெட்டியிலிருக்கும், செடி மடியும் என்றும், எவரும் உரிமை கோராவிடில் கொண்டுவந்தவனிடமே போகும் என்றும் அறிகிறேன். ஆகவே கந்தப்பன்மீது முறைப்பாடு இல்லை. பொருளை மட்டும் கோருகிறேன். அதிலுள்ள கூந்தல் என் மகளுடையது. அதைக் கட்டியவள் நானே. இப்படி எழுதிக்கொடுத்தால் சூனியக்காரியென்று தோட்டத்தை விட்டே துரத்துவார்கள் என்று சார்ஜன் ஐயா எச்சரித்தார். அறிந்தே சொல்கிறேன்.

இன்று அடையாளம் காட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்த கான்ஸ்டபிள், “வாசம் வருதே, பூ எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார். செடியில் பூ இல்லை. அவர் வாசற்பக்கம் திரும்பினார், நானும் திரும்பினேன். எனக்கு வெயில் மட்டுமே தெரிந்தது. செடி என் கைக்கு வந்தபின், எந்த ஊரிலாயினும் என் சொந்த வாசலில் மாட்டி அதனருகே இருப்பேன்.

இதனை வாசித்துக் காட்டினார்கள். பின்னர் நானும் வாசித்தேன். இதில் பொய்யென்று ஒரு சொல்லும் இல்லை. பெருவிரல் அடையாளத்தை மறுத்துக் கையொப்பமிட்டேன்.

அ. நேசராணி