யாரை வெளியே அனுப்புவது?

– கையை மடக்காதேம்மா. மறுபடியும் நூத்தி ஐம்பது. ஏழாம் மாசத்துல பிரஷர் இப்படி ஏறக்கூடாது. இறங்கலைன்னா இன்னிக்கே அட்மிட்தான்.

– வேண்டாம் சிஸ்டர், வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க.

– எப்படி நர்ஸம்மா ஏறாம இருக்கும்? வெறும் வயித்தோட கெளம்பினா! ஏய், நல்லா சாஞ்சு உக்காரு. தண்ணி குடிச்சியா?

– குடிச்சேன் அத்தை.

– எங்க குடிச்ச? பாட்டில் மூடியே திறக்கலை!

– ஏம்மா, நீங்க மாமியாரா?

– பின்ன? மூஞ்சியிலேயே எழுதியிருக்கே!

– கொஞ்சம் வெளியில போய் ஒரு டீ குடிச்சிட்டு, மெதுவா வாங்க.

– துரத்துறீங்க. புரியுது, புரியுது. மாமியார்னா எல்லாருக்கும் இளக்காரம்.

– அப்பாடா, போயிட்டாங்க. மூச்சை நல்லா இழுத்து விடும்மா. வீட்டுலயும் இப்படித்தானா?

– நாள் பூரா பேசிட்டே இருப்பாங்க சிஸ்டர்.

– பாவம் நீ. கையை நீட்டு... என்னது இது? நூத்தி அறுபது! இப்ப இறங்கணுமே!

– சிஸ்டர், அத்தை ரொம்ப தூரம் போயிட்டாங்களா?

– ஏன்?

– அவங்க இல்லைன்னா போனை நான்தான் எடுக்கணும்.

– மடியில அதிருதே, அதுவா? யாரு?

– வீட்டுக்காரர். எங்க இருக்க, பக்கத்துல யாருன்னு போட்டோ எடுத்து அனுப்பணும். லேட்டானா சாயந்திரம்...

– சாயந்திரம்? சொல்லும்மா.

– அவர் கத்த ஆரம்பிச்சா, அத்தை குறுக்கே வந்து உக்காந்துடுவாங்க. தண்ணி குடிச்சியா, மாத்திரை போட்டியான்னு ஆரம்பிச்சா அவருக்குப் பேச இடமே கிடைக்காது.

– டீயா அது? கழுவி ஊத்தின தண்ணி! என்ன ரெண்டு பேரும் ஊமையாட்டம்? போன் அடிக்குது பாரு. குடு இங்க. டேய், நான்தான். அவ கையில பட்டை சுத்தியிருக்கு, பேச முடியாது. போட்டோவா? என் மூஞ்சியை எடுத்து அனுப்பறேன், பார்த்துக்கிட்டே இரு. வை போனை!

– சிரிக்காதேம்மா, கை ஆடுது. அட, நூத்தி முப்பத்திரண்டு! அம்மா, நீங்க எழுந்திருக்காதீங்க.

– ஏன், இப்ப துரத்தலையா?

– தப்பான ஆளைத் துரத்திட்டேன். டாக்டர் வர்ற வரைக்கும் பேசிட்டே இருங்க.

– பேச்சுக்கு என்கிட்ட என்ன பஞ்சம்! ஆனா ஒண்ணு. டாக்டர்கிட்ட சொல்லி இவளை அட்மிட் பண்ணிடுங்க.

– அதான் இறங்கிடுச்சே, இனி எதுக்கு?

– என் புள்ளையை எனக்குத் தெரியும் நர்ஸம்மா. ராத்திரியில நானும் தூங்கிடுறேனே.